கணவரிடம் சொல்லப்பட்டது

18 நவம்பர் 1957

இன்று மூன்றாம் வகுப்பில் மறுபடியும் நடந்துவிட்டது.

ஏழாம் வாய்ப்பாடு எழுதக் கரும்பலகையின் மேல்பக்கம் கையை உயர்த்தினேன். அவ்வளவுதான். முதலில் காற்று, பின்னாலேயே மற்றதும். முன்பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கைகாட்ட, அந்தச் சின்னது அழ ஆரம்பித்துவிட்டது. பழி அதன் மேல் போவதை ஒரு நிமிஷம் நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகுதான், "எல்லாரும் வெளிய போய் விளையாடுங்க" என்று அனுப்பினேன்.

தையல் டீச்சர் சைதூன் அக்கா வந்து கதவைச் சாத்தினார். ஒரு குடம் தண்ணீரும் தையல் வகுப்புத் துணியும் வைத்துவிட்டுப் போனார்.

நேற்று மத்தியானத்திலிருந்து நான் சாப்பிட்டது ஒரே ஒரு இட்லி. பள்ளிக்கூட நாளில் காலையில் எதையும் தொடுவதில்லை. அழகுமணி பிறந்து பதினாறு மாதம். பதினாறு மாதமாக இப்படித்தான்.

19 நவம்பர்

தலைமையாசிரியை கூப்பிட்டார். "பெத்தவங்க வந்து கேக்குறாங்க சிவனம்மா. கொஞ்ச நாளைக்கு லீவு போடுங்களேன்."

காரணம் என்ன எழுத என்று கேட்டேன்.

"உடல்நலக் குறைவுன்னு எழுதுங்க. விவரமெல்லாம் எதுக்கு?"

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஒரு தடவைகூட, உனக்கு என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

24 நவம்பர்

லீவில் வீட்டில் இருக்கிறேன். வீட்டில் என்று எழுதுவது சரியில்லை. பின்கட்டு வராந்தாவில் இருக்கிறேன். என் பாய், என் தட்டு, என் டம்ளர் எல்லாம் அங்கேதான். அத்தை, அதாவது இவருடைய அம்மா பெருமாயி, என்னை அடுப்படிக்குள் விடுவதில்லை. விளக்கேற்ற விடுவதில்லை. "கோவிச்சுக்கிறாத தாயி, சாமி இருக்கிற எடம்" என்கிறார். திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது பேசலாம்.

இதுவரை பார்த்த வைத்தியத்தை எழுதிவைக்கிறேன். பிறந்த ஊரான அகரத்தில் ஒரு வைத்தியர் நாடி பிடித்து, மூலச்சூடு என்றார். ஆறு மாதம் கருணைக்கிழங்கு லேகியம். திண்டுக்கல் கடைவீதி டாக்டர் எழுதிக்கொண்டிருந்த தாளை விட்டுத் தலையைத் தூக்காமலே மூலம் என்று சொல்லி, பேதிக்கு மருந்து கொடுத்தார். அடக்க முடியாமல் போகிறது என்று வந்தவளுக்குப் பேதி மருந்து. அந்த வாரம் நான் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாவது ஆள் பெரிய படிப்புப் படித்தவர். என்னிடம் பேசவே இல்லை. இவரைப் பார்த்துச் சொன்னார்: "நரம்புத் தளர்ச்சி. அடுத்த பிள்ளை பெத்தா சரியாயிரும்."

இவர் மூன்று இடத்துக்கும் கூட வந்தார். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று பேரில் ஒருவர்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை. பிறந்த வீட்டில், என் அய்யாவின் தோட்டத்தில் மாடு கழிந்தால், மாட்டு வைத்தியர் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து சொல்வார். எனக்கு அந்த மரியாதையும் இல்லை.

2 டிசம்பர்

அழகுமணி வராந்தாவுக்குத் தத்தித் தத்தி நடந்து வந்தாள். அத்தை வந்து தூக்கிக்கொண்டு போனார்.

8 டிசம்பர்

ரெட்டியார்சத்திரத்தில் இவருடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் மகனும் கிளம்பினார்கள். கிளம்பும்போது இவர், "நீ வந்து எதுக்குச் சங்கடப்படணும்?" என்றார்.

சங்கடம் யாருக்கு? எனக்கென்றால் நான்தானே சொல்ல வேண்டும்.

நாள் முழுக்கத் துணி துவைத்தேன். பதினோரு துண்டு.

15 டிசம்பர்

சைதூன் அக்கா வந்தார். கெட்டித் துணியை நாலு மடிப்பு வைத்துத் தைத்த உள்ளாடை ஆறு கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூடத்துத் துணி இல்லை, தன் வீட்டுத் துணி. வராந்தாவில் என் பாயிலேயே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. புள்ள பொறந்தப்பக் கிழிஞ்சுச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் வலி. நர்சிங் ஹோமில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். தையல் போட்டார்கள் என்று தெரியும். எங்கே, எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"எங்க மச்சி ஒருத்திக்கு, அண்ணன் பொஞ்சாதிக்கு, இப்பிடித்தான் இருந்துச்சு. மதுரையில ஒரு லேடி டாக்டர் தைச்சு விட்டாங்க. இப்ப மூணு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துட்டா. நீ கெளம்பு, நான் கூட வாரேன்."

பதினேழு மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் ஒரு தையல் டீச்சர்.

17 டிசம்பர்

இவரிடம் சொன்னேன். மதுரைக்குப் போகப் போகிறேன் என்று. இவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "அதான் மூணு டாக்டர் பாத்தாச்சே" என்றார்.

அத்தை உள்ளேயிருந்து, "ஊரு ஊராப் போயி அவுத்துக் காட்டணுமாக்கும்?" என்றார்.

ஆமாம். காட்டத்தான் போகிறேன்.

6 ஜனவரி 1958

ரயிலில் போனோம். பஸ் என்றால் நடுவழியில் நிறுத்தச் சொல்ல வேண்டும். ரயிலில் கக்கூஸ் இருக்கிறது. அம்மையநாயக்கனூர் தாண்டும் முன் இரண்டு தடவை போய்வந்தேன்.

டாக்டர் பெயர் சாராள். நாற்பது வயது இருக்கும், திருநெல்வேலிப் பக்கம். கூட வந்த சைதூன் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடமே பேசினார். என்ன கேள்விகள்! காற்று தெரியாமல் போகிறதா? தண்ணியாய்ப் போனால் மட்டும் நிற்கவில்லையா, கெட்டியாய் இருந்தாலுமா? வருகிறது என்று முன்னால் தெரிகிறதா? தெரிந்தபின் எத்தனை நிமிஷம் பொறுக்க முடிகிறது? இருமினால்? இரவில் துணி நனைகிறதா? நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனார். என் வாயில் அந்த வார்த்தைகள் எல்லாம் இருந்திருக்கின்றன; கேட்கத்தான் ஆள் இல்லை.

பிறகு மேசையில் படுக்கச் சொன்னார். விளக்கைத் திருப்பினார். "இப்ப விரலை விடுவேன். வெளிக்கி அடக்குற மாதிரி இறுக்கு, பாப்போம்." இறுக்கினேன். "இன்னும்." மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன். "சரி, விடு. நீ நல்லாத்தான் இறுக்குற. ஆனா அங்க இழுத்துப் பிடிக்க ஒண்ணும் இல்ல."

உட்காரவைத்துச் சொன்னார்: "அந்த வாயைச் சுத்தி வளையம் மாதிரி ஒரு சதை உண்டு. சுருக்குப்பை வாயில கயிறு இருக்குல்ல, அது மாதிரி. உனக்கு முன்பக்கம் அது ரெண்டா அறுந்துகிடக்கு. அறுந்த முனை ரெண்டும் ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு; வெளிய பாத்தாலே ரெண்டு குழி தெரியுது. கயிறு அறுந்த பைய எப்படிம்மா சுருக்குவ? இதுல சூடும் இல்ல, மூலமும் இல்ல. பேறுகாலத்துல கிழிஞ்சது."

"சரியாகுமா?"

"முனை ரெண்டையும் தேடி எடுத்துச் சேத்துத் தைக்கணும். பெரும்பாலும் சரியாகும். காத்து மட்டும் சிலருக்குக் கொஞ்சம் சொன்னபடி கேக்காது. அத நான் மறைக்க மாட்டேன்."

அழுதேன். சந்தோஷத்தில் என்று அவர் நினைத்திருக்கலாம். இல்லை. பார்ப்பதற்கு அவருக்கு ஆன நேரம் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தைத் திண்டுக்கல்லில் ஒருத்தரும் எனக்குத் தரவில்லை.

பேறுகாலம் பார்த்த இடத்தில் குறிப்பு இருக்கும், அதை வாங்கி வா என்றார்.

9 ஜனவரி

பேறுகாலக் குறிப்பை வாங்கப் போனேன்.

நர்சிங் ஹோமில் வயதான நர்ஸ் ஒருவர் பழைய நோட்டை எடுத்துப் புரட்டி, என் பக்கத்தைத் திருப்பி வைத்தார். இங்கிலீஷில் இருந்தது. பள்ளி இறுதி வரை படித்தவள், எனக்குப் புரியும். தமிழில் இங்கே எழுதிவைக்கிறேன்:

ஆயுதப் பிரசவம். பெண் குழந்தை. முழுக் கிழிசல், ஆசனவாய் வரை. தைக்கப்பட்டது. ஏழாம் நாள் தையல் விட்டுவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி தைக்க மதுரைக்கு அனுப்ப வேண்டும். கணவரிடம் சொல்லப்பட்டது.

கணவரிடம் சொல்லப்பட்டது.

நான் அடுத்த அறையில்தான் படுத்திருந்தேன். காது நன்றாகக் கேட்கும். என் உடம்பில் எது கிழிந்தது என்று என்னிடம் சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. நர்ஸிடம், "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். "வீட்டுக்காரர்ட்ட சொன்னாப் போதும்னுதான வழக்கம்" என்றார். கெட்ட மனுஷி இல்லை. சொல்லிவிட்டு அவரே கீழே பார்த்தார்.

இவர் வேலை பார்க்கும் புகையிலைக் கிட்டங்கியிலிருந்து ஐந்து மணிக்கு வந்தார். அத்தை குழந்தையோடு கோவிலுக்குப் போயிருந்தார். நகலெடுத்து வந்த தாளை முன்னால் வைத்தேன். படிக்கவில்லை. என்ன என்று தெரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பதினெட்டு மாசமா?"

"தானாச் சரியாயிரும்னு நெனச்சேன்... அந்த டாக்டர் மறுபடி தைச்சாலும் உறுதி இல்லேன்னாரு. அடுத்த புள்ளைக்கு வயித்தக் கீறணும்னாரு. பயந்துட்டேன். அம்மாட்ட இத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

"அம்மாட்ட வேணாம். எங்கிட்ட?"

"நீ பயந்துருவன்னு..."

நான் பயந்துவிடுவேனாம். அதனால் என்னை லேகியம் தின்ன விட்டு, பேதி மருந்து குடிக்க விட்டு, மூன்று டாக்டர் முன்னாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை! கிழிஞ்சிருக்காம் டாக்டர் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லல. பொன்னுத்துரை, நீ சொல்லல. இந்த நோட்டில் இதுவரை உன் பெயரை எழுதியதில்லை. இனி எழுதுவேன்.

10 ஜனவரி

அழகுமணியைத் தூக்கிக்கொண்டு அகரம் வந்துவிட்டேன். அத்தை வாசலில் நின்று, "என்னத்துக்குத்தான் இம்புட்டுக் கோவம்?" என்று கேட்டார். உங்க மகனைக் கேளுங்க என்றேன். பொன்னுத்துரை அவரிடமும் சொல்லவே இல்லை என்பது அப்போது உறுதியாகிவிட்டது.

10 பிப்ரவரி

மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். குழந்தை அகரத்தில் என் அம்மாவிடம். அய்யா என்னோடு வந்தார்.

ஆபரேஷனுக்குச் சம்மதத் தாளை நீட்டிய குமாஸ்தா, கணவர் அல்லது தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்றார். நான் போடுகிறேன் என்றேன். "அது செல்லாதும்மா." அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மையில் கட்டை விரலை அழுத்தி உருட்டினார்கள். அது செல்லுமாம். வருஷா வருஷம் நாற்பது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவளின் கையெழுத்து அவள் உடம்புக்குச் செல்லாது. அய்யாவே வெட்கப்பட்டார். "எம் மவ நல்லா எழுதுவாய்யா" என்றார் அந்த ஆளிடம்.

டாக்டர் சாராளிடம் சொன்னேன். தாளை வாங்கி, கைநாட்டுக்குப் பக்கத்தில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். "எனக்கு வேணும்" என்றார்.

13 பிப்ரவரி

மூன்று நாளாக வெறும் கஞ்சித் தண்ணி. வெள்ளை மாத்திரைகள். காலையும் மாலையும் இனிமா. நாளைக்குத்தான்.

17 பிப்ரவரி

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு என்னுடையதாக இல்லை. டாக்டர் தைக்கும்போது நர்ஸிடம், "இதோ, இந்தப் பக்கத்து முனை கிடைச்சிருச்சு" என்று சொன்னது காதில் விழுந்தது.

மூன்று நாளாக மோரும் பார்லித் தண்ணியும்தான். இருமல் வந்தால் உயிர் போகிறது.

20 பிப்ரவரி

காலையில் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து குடித்தேன். பத்து மணிக்கு வயிற்றில் உருண்டது. வருகிறது என்று தெரிந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாளை நர்ஸைக் கூப்பிடச் சொன்னேன். நர்ஸ் வேறு வார்டில் இருந்தார், வர நேரமாகிவிட்டது.

பொறுத்திருந்தேன். நான், பொறுத்திருந்தேன். எதையோ பிடித்து இழுத்து மூடிய மாதிரி இருந்தது. வலித்தது. வலிக்கட்டும்.

24 பிப்ரவரி

ஒரு தையலில் சீழ். டாக்டர் தினமும் வந்து கழுவச் சொல்லிப் பார்க்கிறார். உள்தையல் நிற்கிறது, மேல்தோல் மட்டும்தான் என்கிறார். நம்புகிறேன். இந்த டாக்டர் சொன்னால் நம்பலாம்.

மத்தியானம் பொன்னுத்துரை வந்தார். வார்டு வாசலில் ஆரஞ்சுப் பையோடு நின்றார். உள்ளே வரவில்லை. "எப்பிடி இருக்க?" என்றார்.

"நீங்க அத்தையிட்ட சொல்லணும். நான் இருக்கும்போது சொல்லணும். அதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட வராதீங்க."

பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். வார்டில் பகிர்ந்து கொடுத்தேன்.

9 மார்ச்

அகரம் வந்தாகிவிட்டது. டாக்டர் சொன்ன பயிற்சி: இறுக்கு, பத்து எண்ணு, விடு. ஒரு வேளைக்கு இருபது தடவை. காற்று இன்னும் சில சமயம் ஏமாற்றுகிறது. துணி நனைந்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

முதலில் வைத்தியம் பார்த்த மூன்று பேருக்கும் கடிதம் எழுதினேன். திட்டவில்லை. எனக்கு இருந்தது என்ன, எங்கே தைத்தார்கள் என்று மட்டும் எழுதி, இனி வருகிற பெண்ணிடம், பிள்ளை பிறந்தபோது கிழிந்ததா என்று கேளுங்கள் என்று முடித்தேன்.

30 மார்ச்

மூன்று பேரில் ஒருவரும் பதில் போடவில்லை.

13 ஏப்ரல்

பொன்னுத்துரையும் அத்தையும் அகரத்துக்கு வந்தார்கள். அய்யா கட்டிலை இழுத்துப் போட்டார். பொன்னுத்துரை உட்காரவில்லை. நின்றபடி, தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அத்தைக்கு முதலில் புரியவில்லை. பிறகு என்னிடம், "அந்த நோட்டுல அப்பிடியா தாயி எழுதியிருக்கு?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

மகன் பக்கம் திரும்பினார். "எங்கையால அவளுக்குத் தனித்தட்டு வைக்க வச்சியேடா. பச்சப்புள்ளைய அவகிட்ட இருந்து தூக்க வச்சியேடா. ஏலே, நான் ஒன்னையப் பெத்தவதான? எங்கிட்டச் சொல்ல ஒனக்கு என்ன வெக்கம்?"

பிறகு அத்தை அழுதார். அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இல்லை. வராந்தாவில் கிடந்த அத்தனை மாதமும், நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பாதித் திட்டு ஆள் மாறிப் போயிருக்கிறது. பாதிதான். விவரம் தெரியாவிட்டாலும், நோயாளியை வராந்தாவில் போட்டது தப்புத்தானே. அதையும் அவரிடமே சொன்னேன். "தப்புத்தான்" என்றார்.

இவர்களோடு உடனே போகவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது வருவேன், வராந்தாவுக்கு இல்லை என்றேன்.

9 ஜூன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சேரும் கடிதத்தில், பிரசவத்தில் கிழிந்த ஆசனவாய்த் தசையைத் தைத்துக்கொண்டு குணமாகித் திரும்பியிருக்கிறேன் என்று எழுதினேன். தலைமையாசிரியை படித்துவிட்டு, "இதையெல்லாம் எழுதணுமா?" என்றார்.

"எழுதணும் டீச்சர். படிக்கிறவங்க வீட்டுலயும் யாருக்காவது இருக்கலாம்."

வாங்கி வைத்துக்கொண்டார். மாலையில் யாரும் இல்லாதபோது என் மேசைக்கு வந்து, தன் தங்கைக்கு என்று சொல்லி டாக்டர் சாராளின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

2 நவம்பர் 1959

பொன்னுத்துரையோடு பேசுகிறேன், சிரிக்கிறேன். டாக்டரிடம் போனால் இவரை வெளியே உட்காரச் சொல்கிறேன். இவரும் கேள்வி கேட்காமல் உட்காருகிறார். பழைய மாதிரி ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

18 ஜூலை 1960

போன வாரம் அத்தை சாணார்பட்டியில் ஒரு சாவுக்குத் துஷ்டி கேட்கப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் சொன்னார்: "எங்க சித்தி மக வழியில மூக்காயின்னு ஒருத்தி. முத புள்ள செத்துப் பொறந்ததுல இருந்து நிக்காமப் போகுதாம். பதினோரு வருசமா மாட்டுக் கொட்டத்துலதான் இருக்கா. புருசன் வேற கட்டிக்கிட்டான். நான் அவகிட்டப் போயி எல்லாத்தையும் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க அத்தை?"

"காத்து போகுதா, கெட்டியாவும் போகுதா, வர்றது தெரியுதான்னு. அந்த டாக்டரம்மா கேட்டதத்தான். நீ சொன்னேல்ல."

இன்று மூன்று பேரும் மதுரை ரயிலில் போனோம். மூக்காயிக்கு முப்பது வயதுதான் இருக்கும், ஐம்பது சொல்லலாம். சீட்டில் உட்கார மறுத்துக் கக்கூஸ் பக்கம் தரையில் ஒடுங்கினாள். அத்தை எழுந்து போய் அவள் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். சோழவந்தான் வரை இருவரும் ஆடு மாடு, மழை என்று ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள்.

டாக்டர் சாராள் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தம் இல்லை, ஒரு மாதம் தேற்றித்தான் தைக்க முடியும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார். நான் லீவுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"நீ போ தாயி, பிள்ளைக காத்திருக்கும்" என்றார் அத்தை. "நான் இருந்துக்கிறேன்."

நான் வார்டை விட்டுக் கிளம்பும்போது மூக்காயி கட்டிலில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை விரிப்பு அழுக்காகிவிடும் என்றாள். அத்தை அந்த விரிப்பின் மேல் முதலில் தான் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

மூன்று மணி வண்டியில் நான் மட்டும் திரும்பினேன்.